பல் மருத்துவரிடம் போகப் பெரியவர்களும் ஏன் பயப்படுகிறார்கள்?

பல் டாக்டரைப் பார்த்தால் குழந்தைகள்தான் பயப்படுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். குழந்தை அழுதுவிட்டு, அம்மா மடியில் உட்கார்ந்ததும் வாயைத் திறந்துவிடும். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, "ஒண்ணும் இல்ல டாக்டர், நீங்க பாருங்க" என்பார்கள். உள்ளங்கை வேர்த்திருக்கும். கிராம்புத் தைலமும் மெடிக்கல் கடை வலி மாத்திரையுமாகப் பல வருடம் ஓட்டிவிட்டு வந்திருப்பார்கள்.

இந்தப் பயம் எப்போதிலிருந்து என்று கேட்டால், பெரும்பாலும் சின்ன வயதுச் சம்பவம் ஒன்று வெளியே வரும். சரியாக மரத்துப்போவதற்குள் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வலிக்கிறது என்று கத்தியும் நிறுத்தவில்லை. வலி அன்றைக்கே போயிருக்கும். சொல்லியும் யாரும் நிறுத்தவில்லை என்பது மட்டும் மனதில் தங்கிவிடும். மல்லாந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டு, பேச முடியாமல் கிடக்கும் நிலைமை மறுபடி வருமே என்றுதான் பலர் நடுங்குகிறார்கள்.

அப்புறம் வெட்கம். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த பத்து வருடம் அந்தப் பக்கம் வரமாட்டார். எங்கள் துறையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியை அடியோடு விட்டுவிட வேண்டும்.

இந்தப் பயத்தில் பெரிய கொடுமை, தள்ளிப்போடத் தள்ளிப்போட அது உண்மையாகிவிடுவதுதான். எனாமலோடு நின்றிருந்த சொத்தை, நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பல்கூழ் வரை இறங்கிவிடும். ராத்திரி படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கும். வேறு வழியில்லாமல் மறுநாள் ஓடி வருவார்கள். ஆனால் வீங்கிப் புண்ணான திசுவில் அமிலத்தன்மை கூடியிருக்கும். மரக்க வைக்கும் லிக்னோகெய்ன் மருந்து நரம்புக்குள் நுழைய, அதில் ஒரு பகுதியாவது மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். அமிலத்தில் அந்தப் பகுதி குறைந்துவிடும். அதனால் அன்று மரப்பது கஷ்டம், அதிலும் கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் கூடுதல் சிரமம். பல்லைச் சுற்றிக் கூடுதலாக ஊசி போட்டுச் சமாளிக்கிறோம், முடிகிறது. ஆனால் வலி இல்லாத நாளில் வந்திருந்தால் அதே பல் ஒரே ஊசியில் சுலபமாக மரத்திருக்கும்.

ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். மருந்து அந்த இடத்திலேயே நிற்பதற்காகச் சேர்க்கும் அட்ரினலின் அதற்கு ஒரு காரணம். சில நிமிடத்தில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேர் பயப்படமாட்டார்கள். இதய நோய் இருப்பவர்கள் மட்டும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பதும் உண்மையில்லை. பல்லின் உணர்வு நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

பயத்தை அளக்க 1995-இல் வந்த ஐந்து கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. நாளைக்குப் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும்போது, பல்லைக் குடையும்போது, சுத்தம் செய்யும்போது, ஊசி போடும்போது எப்படி இருக்கும் என்று கேட்கும். மொத்தம் 25 மதிப்பெண். 19-ஐத் தொட்டால் கடுமையான பயம். அப்படிப்பட்டவர்களுக்கு மனநல ஆலோசனையும், சில இடங்களில் லேசாக மயக்கநிலை தரும் வாயுவும் உதவும்.

மற்றவர்கள் போன் செய்யும்போதே "எனக்குப் பயம், முதல் நாள் பார்த்துப் பேசினால் போதும்" என்று சொல்லிவிடலாம். வெறும் வயிற்றோடு வராதீர்கள், மயக்கம் வரும். ஊசிக்கு முன் ஈறில் மரக்கும் ஜெல் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, மருந்தை மெதுவாகச் செலுத்தச் சொல்லுங்கள். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் மருத்துவர் என்றால், தயங்காமல் வேறு ஒருவரிடம் போங்கள்.