பைக்ல சார்ஜர் மாட்டறீங்களா, ஃப்யூஸ் எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க

இப்ப ஹேண்டில்ல யூஎஸ்பி சார்ஜர் இல்லாத வண்டியே கம்மி. டெலிவரி பசங்க, பைக் டாக்ஸி ஓட்டறவங்க, லாங் ரைடு போறவங்க எல்லாருக்கும் மேப் ஓடணும், போன் ஆஃப் ஆகக்கூடாது, அதனால மாட்டறது தப்பே இல்ல. ஆனா டூவீலர் ஒயரிங் வேலை பாக்கறவன்ங்கற முறையில சொல்றேன், ஒயரிங் கருகி கடைக்கு வர்ற வண்டிகள்ல பெரும்பாலும் சார்ஜர் நல்லாத்தான் இருக்கும். அதுக்கு கரண்ட் எடுத்த இடமும் ஃப்யூஸ் வச்ச இடமும்தான் தப்பா இருக்கும்.

ஃப்யூஸ் போடறது சார்ஜரை காப்பாத்தறதுக்குன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. இல்லங்க, அது ஒயரை காப்பாத்தறதுக்கு. பேட்டரி பிளஸ்ல இருந்து கிளம்பற ஒயர் சீட்டுக்கு அடியில, பெட்ரோல் டேங்குக்கு அடியில போயி, கழுத்து (ஹேண்டில் சேசிஸ்ல சேர்ந்து திரும்பற இடம்) வழியா ஹேண்டிலுக்கு ஏறுது. ஃப்யூஸ் ஹேண்டில் பக்கம் சார்ஜரை ஒட்டி இருந்தா அது வரைக்கும் வர்ற மொத்த ஒயருக்கும் பாதுகாப்பே கிடையாது, நடுவுல எங்கயாவது தோல் உரிஞ்சு சேசிஸ்ல பட்டுச்சுன்னா அந்த சின்ன பேட்டரியே நூறு ஆம்பியர் வரைக்கும் கூட தள்ளும், நூல் மாதிரி இருக்கற ஒயர் சில செகண்ட்ல செவந்துரும், அதுவும் டேங்குக்கு அடியில. அதனால பேட்டரி டெர்மினல்ல இருந்து அரை அடிக்குள்ள ஃப்யூஸ் ஹோல்டர் வரணும், இதுல மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எத்தனை ஆம்பியர் போடறது? 18 வாட் ஃபாஸ்ட் சார்ஜர் முழுசா இழுத்தாலும் பேட்டரில இருந்து சுமார் 2 ஆம்பியர்தான் போகும். 3 இல்லன்னா 5 ஆம்பியர் ஃப்யூஸ், 1 ஸ்கொயர் எம்எம் ஆட்டோ ஒயர் போதும். வீட்டு ஒயரிங்ல மிச்சமான ஒத்தைக் கம்பி ஒயரை போடாதீங்க, அதிர்வுல உள்ளயே முறிஞ்சுரும். ஃப்யூஸ் போச்சுன்னா ஏன் போச்சுன்னு தேடணும், அதை விட்டுட்டு 20 ஆம்பியர் சொருகறது, சிகரெட் பாக்கெட் சில்வர் பேப்பரை சுத்தி விடறது எல்லாம் வண்டிய கொளுத்தற வேலை, கோவமாத்தான் சொல்றேன்.

அடுத்தது கரண்ட் எடுக்கற இடம். ஹெட்லைட் டூம் பக்கத்துலயே இருக்கு, வேலை சீக்கிரம் முடியும்னு அந்த ஒயரை சீவி முறுக்கி விட்டுடறாங்க. பழைய 100 சிசி வண்டிகள் நிறையத்துல ஹெட்லைட்டுக்கு வர்றது மேக்னெட்டோவோட (இன்ஜின் சுத்தும்போது கரண்ட் உண்டாக்கற பாகம்) ஏசி கரண்ட், பேட்டரி டிசி இல்ல, அதுல டிசி சார்ஜரை கோத்தா அது எவ்ளோ நாள் தாங்கும்? ஏப்ரல் 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டின்னா இன்னும் உஷாரா இருக்கணும், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டில ஈசியூ (இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்), சென்சார் ஒயர் எதுன்னு தெரியாம ஊசி குத்தி பாத்தா செக் இன்ஜின் லைட் எரியும், வாரன்டிக்கு போனா ஒயரை வெட்டிருக்கீங்கன்னு சொல்லிருவாங்க.

நான் சொல்ற முறை ரிலேதான், அதாவது கொஞ்சம் கரண்ட் கொடுத்தா பெரிய கரண்ட்டை ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச். ரிலேல 30ம் நம்பருக்கு பேட்டரி பிளஸ் ஃப்யூஸ் வழியா வரும், 87ல இருந்து சார்ஜருக்கு போகும், 85 எர்த், 86க்கு சாவி போட்டா மட்டும் 12 வோல்ட் வர்ற ஒயர்ல இருந்து ஒரு இணைப்பு. அந்த ஒயர்ல ரிலே காயில் இழுக்கற கொஞ்சூண்டு கரண்ட்தான் போகும், சாவிய எடுத்தா சார்ஜரும் ஆஃப். ரிலே இல்லாம பேட்டரில நேரா கொடுத்தா என்ன ஆகும்னு கணக்கு பாருங்க, வோல்ட் மீட்டர் டிஸ்ப்ளே வச்ச சார்ஜர் சும்மா இருக்கும்போதே 20 மில்லி ஆம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை ஆம்பியர் ஹவர், 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி வச்ச வண்டிய ஒரு வாரம் ஊருக்கு போயி விட்டுட்டு வந்தா செல்ஃப் எடுக்காது. பேட்டரி மோசம்னு புதுசு வாங்கிட்டு வர்றவங்கள பாக்கும்போது நெஜமாவே வருத்தமா இருக்கு.

கருகுன ஒயரிங்கை பிரிச்சா பெரும்பாலும் கழுத்துலதான் விஷயம் இருக்கும். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் ஒயர் சேசிஸ் ஓரத்துல ஒரசி ஒரசி ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கும், முறுக்கு போட்ட இடத்துல இன்ஜின் சூட்டுக்கு டேப் பசை இளகி கையில பிசுபிசுன்னு ஒட்டும், டேப்பை உரிச்சா மழைத்தண்ணி இறங்கி செம்பு பச்சையா பூத்திருக்கும். லக் (ஒயர் முனையில மாட்டற மெட்டல் கனெக்டர்) வச்சு கிரிம்ப் பண்ணி, அதாவது அழுத்தி இறுக்கி, மேல சூடு காட்டுனா சுருங்கி இறுகற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட சொல்லுங்க, கம்பெனி ஒயர் போற வழியிலயே புது ஒயரையும் கொண்டு போகணும், கட்டறதுக்கு முன்னாடி ஹேண்டிலை ரெண்டு பக்கமும் லாக் வரைக்கும் திருப்பி பாத்து தளர்வு விடணும். மூடி இருக்கற சார்ஜரா வாங்குங்க, வாட்டர் சர்வீஸ்காரர் பிரஷர் அடிக்கும்போது அதுமேல நேரா அடிக்க விடாதீங்க.

டயருக்கு காத்தடிக்கற பம்ப் 10 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், அதை இந்த லைன்ல சொருகாதீங்க, தனி தடி ஒயர், தனி 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு பேட்டரில இருந்து நேரா எடுக்கணும், அடிக்கும்போது இன்ஜின் ஓடணும்.

வேலைய ஆரம்பிக்கும்போது பேட்டரி மைனஸை முதல்ல கழட்டுங்க, மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டுங்க. எல்லாம் முடிஞ்சதும் இன்ஜினை கொஞ்சம் ரெய்ஸ் பண்ணி பேட்டரில மல்டிமீட்டர் வச்சா 13.8ல இருந்து 14.5 வோல்ட்டுக்குள்ள காட்டணும், 15க்கு மேல போச்சுன்னா ரெகுலேட்டர் கோளாறு, அதை சரி பண்ணாம போனை சொருகாதீங்க.