துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில்

சில மாதங்களுக்கு முன் ஒரு நடுத்தூர ஓட்டக்காரர் என்னைப் பார்க்க வந்தார். உட்கார்ந்ததுமே ஸ்மார்ட்வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மூணு வாரமா ஹெச்.ஆர்.வி. இறங்கிக்கிட்டே இருக்கு சார். காலையில எழுந்ததும் இதைத்தான் பார்க்கிறேன். பார்த்தா அப்புறம் ஓடவே மனசு வரமாட்டேங்குது" என்றார். இரவில் தூக்கமும் சரியில்லை. ஹெச்.ஆர்.வி. (heart rate variability) என்பது இதயத் துடிப்பு மாறுபாட்டைக் காட்டும் எண்.

விளையாட்டு வீரர்களுக்கு மனப்பயிற்சி தருவது என் வேலை. இப்போதெல்லாம் வாரத்தில் ஒருவராவது இப்படி ஓர் எண்ணைச் சுமந்துகொண்டு வருகிறார். உடலைப் புரிந்துகொள்ள வாங்கிய கருவி, தினமும் காலையில் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாகிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஏனென்றால் இதே ஹெச்.ஆர்.வி.யை வைத்துச் செய்யக்கூடிய அருமையான பயிற்சி ஒன்று இருக்கிறது.

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஓர் இடைவெளி 920 மில்லி விநாடியாக இருக்கும், அடுத்தது 1,050 ஆக இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் இதயத் துடிப்பு மாறுபாடு. ஓய்வாக இருக்கும்போது கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் துடிப்பது நல்ல அறிகுறி என்று பலரும் நம்புகிறார்கள். ஆரோக்கியமான இதயம் அப்படித் துடிப்பதில்லை.

இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு பிரேக் பிடிப்பதால்தான் ஓய்வில் அது 60, 70 என்று இறங்குகிறது. மூச்சை இழுக்கும்போது அந்த பிரேக் கொஞ்சம் தளரும், வெளியே விடும்போது மறுபடி அழுந்தும். ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லூட்விக் 1847-லேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார். கருவி எதுவும் வேண்டாம், இப்போதே மணிக்கட்டில் விரல் வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி நெருங்கி வரும், விடும்போது இடைவெளி நீளும். சிலருக்கு இது துல்லியமாகத் தெரியும், சிலருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

நான் சொன்ன பயிற்சிக்கு பயோஃபீட்பேக் என்று பெயர்: உடலின் அளவைத் திரையில் பார்த்தபடியே அதை மாற்றப் பழகுவது. அதன் அடிப்படை இன்னொரு விஷயத்தில் இருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறினால் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் அதைக் கண்டுகொண்டு இதயத்தை மெதுவாக்கச் சொல்லும். இதயம் உடனே கேட்டுக்கொள்ளும். ஆனால் அழுத்தம் இறங்க ஏறக்குறைய 5 விநாடி ஆகும். திரும்ப ஏற இன்னொரு 5 விநாடி. ஆக, ஒரு சுற்றுக்கு 10 விநாடி. நம் மூச்சையும் 10 விநாடிக்கு ஒன்று என்று வைத்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, மூச்சாலும் அழுத்தத்தாலும் துடிப்பில் வரும் இரண்டு அலைகளும் ஒன்றுசேர்ந்து பெரிதாகும். ரஷ்யாவைச் சேர்ந்த எவ்கெனி வாஷில்லோவின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இந்த முறையை, அவரும் அமெரிக்க உளவியலாளர் பால் லெரரும் சேர்ந்து 2000-இல் பயிற்சிக் கையேடாக வெளியிட்டார்கள்.

எல்லோருக்கும் நிமிடத்துக்கு 6 மூச்சு என்பது தோராயக் கணக்குதான். 4.5 முதல் 6.5 வரை ஆளுக்கு ஆள் மாறும். உயரமானவர்களுக்குப் பொதுவாகச் சற்று மெதுவான வேகம் பொருந்தும். அதனால் முதல் நாள் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையைக் கட்டி, ஒவ்வொரு வேகத்திலும் சில நிமிடம் மூச்சு விடச் சொல்லி, எதில் துடிப்பின் அலை திரையில் பெரிதாகவும் சீராகவும் வருகிறது என்று பார்ப்பேன்.

நம் ஓட்டக்காரருக்கு அன்று அலையே வரவில்லை. திரையில் கோடு மேலும் கீழுமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தது. அவர் தோள்கள் காது வரை ஏறியிருந்தன. நாலாவது நிமிடம், "உதடெல்லாம் ஜிவ்வுன்னு இருக்கு சார்" என்றார். இதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மெதுவாக என்றால் ஆழமாக என்று எடுத்துக்கொண்டு நெஞ்சு முட்டக் காற்றை இழுக்கிறார்கள். கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. தலைசுற்றலும் விரல் நுனியில் கூச்சமும் அதனால்தான். ஆழத்தைக் குறைத்து, மூக்கால் இதமாக இழுத்து, சூடாக இருப்பதை ஊதி ஆற்றுவது போல வாயால் நீளமாக விடச் சொன்னேன். அடுத்த சில நிமிடங்களில், 5.5 மூச்சு வேகத்தில், முதல் வளைவு வந்தது. தோளும் தானாக இறங்கியது.

இதனால் வேகமாக ஓட முடியுமா என்று கேட்பார்கள். நான் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. மன அழுத்தமும் பதற்றமும் குறைவதற்கு நல்ல சான்று இருக்கிறது. 24 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்த 2017-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, பலன் கணிசமானது என்று காட்டியது. விளையாட்டுத் திறனைப் பொறுத்தவரை ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. போட்டிக்கு முந்தைய இரவில் தூங்குவதற்கும், இரண்டு சுற்றுகளுக்கு நடுவே உடலை அமைதிக்குக் கொண்டுவருவதற்கும் உதவுகிறது என்பது நான் கண்ட அனுபவம். வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் வீரர்கள் இதை ஆர்வமாகக் கற்கிறார்கள். துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளுக்கு அந்த விளையாட்டுகளில் தடை உண்டு. மூச்சுக்குத் தடை இல்லை.

கையேடு தினமும் இரண்டு வேளை, 20 நிமிடம் என்கிறது. நான் 10 நிமிடத்தில் தொடங்கச் சொல்கிறேன். விடாமல் செய்வதுதான் முக்கியம்.

வாட்ச் எண்ணைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், எழுந்தவுடன், ஒரே நிலையில் அளந்து, ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். காய்ச்சல், மது, தூக்கக் குறைவு எல்லாமே ஒரு நாள் எண்ணைக் கீழே தள்ளும். வயதோடும் குறையும். அதனால் சக வீரரின் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பயிற்சியின்போது எகிறும் எண்ணையும் காலை எண்ணையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தாளம் தவறித் துடிக்கும் கோளாறு இருந்தாலும் எண் உயர்வாகத் தெரியும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. ஓடும்போது மயங்கி விழுந்தவரும் நெஞ்சுவலி வந்தவரும் என்னிடம் வர வேண்டாம். தயவுசெய்து முதலில் இதய மருத்துவரிடம் போங்கள்.

அந்த ஓட்டக்காரரிடம், இரண்டு வாரம் வாட்சில் நேரம் மட்டும் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். கஷ்டப்பட்டுத்தான் இருந்தார். ஐந்தாவது வாரம் அவர் பயிற்சியில் இருக்கும்போது திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். கண்ணை மூடியபடி ஐந்தாறு மூச்சு விட்டவர், "இப்ப வந்துடுச்சு சார்" என்றார்.

வந்திருந்தது.