திரையில் ஒரே ‘தேர்தல்’, தரவுத்தளத்தில் இரண்டு

தமிழ்ச் செய்தித் தளத்தின் தேடல் பெட்டியில் ‘தேர்தல்’ என்று தட்டுகிறோம். கட்டுரை கண்ணெதிரே இருக்கிறது, தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது, ஆனால் தேடல் ‘முடிவுகள் இல்லை’ என்கிறது. பிழைச் செய்தி வராது, சர்வரின் பதிவேட்டிலும் (லாக்) எதுவும் பதிவாகாது. சத்தமில்லாத கோளாறு என்பதால் பல தளங்களில் இது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்ற முறையான யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. பைத்தான் நிரல்மொழியின் ‘ஆர்ட்’ செயற்கூறிடம் கேட்டால் க 2965, ர 2992, கால் 3006, புள்ளி 3021 என்று சொல்லும். ‘ர்’ என்பது 2992, 3021. ஆனால் காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்தாலும் பல எழுத்துருக்களில் அதே தோற்றம்தான் வரும். அப்படித் தட்டிய ‘அவா்கள்’ இணையம் முழுக்கக் கிடக்கிறது. ‘தேர்தல்’ இன்னும் சிக்கலானது. இரட்டைச் சுழிக் கொம்புக்குப் பின்னால் கால் வந்தால் இரண்டும் சேர்ந்து ‘ோ’ ஆகிவிடும். ஆகவே சேமிப்பில் இருப்பது ‘தோ்தல்’, அதாவது ஓகாரத்தின் மேல் ஒரு புள்ளி. சரியான சொல்லில் 7 எண்கள், இதில் 6. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள்.

நல்லவேளையாக இதைத் தயங்காமல் திருத்தலாம். தமிழில் உயிர்க்குறியின் மேல் புள்ளி வரவே வராது. அதனால் ‘ா்’ வரும் இடத்தில் ‘ர்’, ‘ொ்’ வரும் இடத்தில் ‘ெர்’, ‘ோ்’ வரும் இடத்தில் ‘ேர்’ என்று மூன்று மாற்றங்கள் போதும். முதல் விதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறவர்களே அதிகம். அவர்களுக்கு ‘அவர்கள்’ கிடைக்கும், ‘தேர்தல்’, ‘சேர்ந்து’, ‘பெயர்’ மூன்றில் கடைசி மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்தது ‘கொ’. இதை க, ொ என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, ஆனால் நிரலில் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் சமமில்லை என்றுதான் விடை வரும். இதற்கு மருந்து, சமமான வடிவங்களை ஒரே வடிவமாக்கும் என்.எஃப்.சி என்னும் இயல்பாக்கம். பைத்தானில் யூனிகோடுடேட்டா நூலகத்தின் நார்மலைஸ், ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் (எழுத்துத் தொடரின்) மீதே நார்மலைஸ். ஒரே வரி வேலை. கோப்புப் பெயர்களிலும் இதே வில்லங்கம் உண்டு. மேக் கணினியின் பழைய எச்.எஃப்.எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்கு வந்த ‘கொள்கை’ கோப்பை நிரல் காணவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஔகாரத்தில் என்.எஃப்.சி கைகொடுக்காது. ‘ஔ’ ஒரே எழுத்து, எண் 2964. பலர் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதுகிறார்கள். கௌரியும் அப்படியே ‘கெளரி’ ஆகிறார். இங்கே கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. ‘ெள’ என்பதை எல்லாம் ‘ௌ’ ஆக்கினால் வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாம் சிதைந்துபோகும். பயனர் எழுதியதை அப்படியே வைத்துவிட்டு, தேடலுக்கென்று தரவுத்தளத்தில் தனியாக ஒரு நெடுவரிசை வைப்பதே சரி. அதில் ‘ஔ’வை ‘ஒள’ என்றும் ‘ௌ’வை ‘ெள’ என்றும் உடைத்துச் சேமிக்க வேண்டும். தேடும் சொல்லையும் அதே வழியில் உடைத்துவிட்டு ஒப்பிட்டால் எப்படித் தட்டினாலும் கிடைக்கும். ‘ஸ்ரீ’யையும் இதே வரிசையில் கட்டிவிடலாம்: அதன் முதலெழுத்தை ‘ஶ’ கொண்டும் எழுதலாம், ‘ஸ’ கொண்டும் எழுதலாம். ‘ஶ’ யூனிகோடுக்குள் வந்தது 2005இல். அதற்கு முன்பு எழுதியவை ‘ஸ’ கொண்டவை, இன்றும் இரண்டும் கலந்தே வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் தேடல் நெடுவரிசையில் நீக்கிவிட வேண்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் இதைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: பயனர் பெயர் போன்ற தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற விதி) உள்ள இடத்தில், இதுவரை வேறாக இருந்த இரண்டு பதிவுகள் ஒன்றாகி மோதும். முதலில் நகலில் ஓட்டி, மோதும் பதிவுகளைப் பட்டியலிட்டு, கையால் தீர்த்துவிட்டுத்தான் உண்மைத் தரவைத் தொட வேண்டும்.

நீளம் எண்ணுவது இன்னொரு பொறி. ‘முருகன்’ எத்தனை எழுத்து என்று பள்ளிக் குழந்தையைக் கேட்டால் 4 என்பாள். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 7 என்னும். கோ மொழியின் ‘லென்’ 21 என்னும், ஏனென்றால் யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். மூன்றும் சரியான விடைகளே, கேள்விதான் வேறு. பெயர்ப் பெட்டிக்கு எழுத்துக் கணக்கு வேண்டும்: சுவிஃப்ட் மொழியில் ‘கவுண்ட்’, ஜாவாஸ்கிரிப்டில் இன்டல்.செக்மென்டர். குறுஞ்செய்திக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும் எண்ணே சரி: தமிழில் ஒரு செய்திக்கு 70, அதைத் தாண்டினால் துண்டுக்கு 67, கட்டணமும் அதற்கேற்ப. லினக்ஸ் கோப்புப் பெயருக்குப் பைட் கணக்கு: 255 பைட் வரம்பில் 85 தமிழ்க் குறிகள்தான் கொள்ளும். தலைப்பை 6 குறிகளில் வெட்டினால் முருகன் ‘முருகன’ ஆவார்; 20 பைட்டில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறிப் பெட்டி நிற்கும்.

ரெஜெக்ஸில் (உரையில் வடிவம் தேடும் விதிகளில்) படும் பாடு வேறு. பைத்தானின் வழக்கமான ‘ரீ’ நூலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே கருதாது. ‘தமிழ்’ என்பதைச் சொற்களாகப் பிரிக்கச் சொன்னால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு தரும். கட்டுரை முகவரியில் குறிகள் உதிர்ந்து ‘தமழ’ என்று நிற்பதைப் பார்த்தால் காரணம் இதுவே. எழுத்து வகையோடு ஒட்டுக்குறி வகையையும் சேர்த்து விதியை எழுத வேண்டும்.

அகரவரிசைக்கு யூனிகோடு எண்ணை நம்பவே வேண்டாம். அதில் ரகரத்துக்கு அடுத்து ற, லகரத்துக்கு அடுத்து ள, ழ, அப்புறம்தான் வ. னகரம் நகரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ‘க்’ போய் ‘கௌ’வுக்குப் பின்னால் நிற்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஐ.சி.யூ என்னும் யூனிகோடு நூலகத்தின் வரிசைமுறையைத் தமிழுக்கு அமைத்தால் இது தீரும், ஜாவாஸ்கிரிப்டில் இன்டல்.கொலேட்டர்.

இத்தனையும் தப்பிப்போவதற்கு முக்கியக் காரணம் சோதனைத் தரவு. ‘வணக்கம்’ என்று ஒரு சொல்லைப் போட்டு, திரையில் சரியாகத் தெரிந்ததும் தமிழ் ஆதரவு முடிந்தது என்று குறித்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லில் கொம்பும் இல்லை, ரகர ஒற்றும் இல்லை, ஔகாரமும் இல்லை. அதற்குப் பதிலாக இந்த ஆறு பெயர்களைப் போட்டுப் பாருங்கள்: கௌரி, ஔவை, கொளஞ்சி, ஸ்ரீநிதி, சேர்மக்கனி, லக்ஷ்மி. ஒவ்வொன்றையும் மேலே சொன்ன மாற்று வடிவங்களில் சேமித்து, சரியான வடிவில் தேடி, அகரவரிசையில் அடுக்கி, பாதியில் வெட்டிப் பாருங்கள். கொளஞ்சி இந்தப் பட்டியலில் இருப்பது வேண்டுமென்றேதான்: பிரித்த வடிவில் ‘ெ’வுக்கும் ‘ள’வுக்கும் நடுவே கால் இருப்பதால் அது ஔகாரமில்லை, ஔகாரத்தை மாற்றும் நிரல் அவர் பெயரைத் தொடக் கூடாது, தொட்டால் விதி தவறு.