கேபிள் தளர்ந்தால் கையை நிறுத்துங்கள்: பழைய பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு

போன வாரம் பட்டறைக்கு இன்னொரு கேட்டலினா 22 பாய்மரப் படகு வந்தது. படகு கவிழாமலிருக்க அடியில் இருக்கும் கனமான இரும்புத் தகடுதான் கீல். அதை ஏற்றி இறக்கும் கேபிள் அறுந்திருந்தது. கேபிள் படகுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ஃபைபர்கிளாஸ் கூம்பு அடியில் விரிசல் விட்டு, கேபினுக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கீலை மேலே ஏற்ற வழியில்லாததால் ட்ரெய்லரில் வைக்க முடியவில்லை, பட்டை போட்டு கிரேனில்தான் தூக்கினோம். இந்தப் பருவத்தில் இதே மாதிரி படகுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

படகை வாங்கியவர் வர்ஜீனியாவில் வேலை பார்க்கும் நம்மவர். விவரமானவர்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. "அண்ணா, கேபிள் அறுந்தா கீல் கீழதானே போகும்? ஓட்டும்போது அது கீழதானே இருக்கணும்? அதுல என்ன ஆபத்து?"

இதையே கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிறார்கள். பழைய படகை விற்பவர்களே இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். அதனால் கொஞ்சம் நிறுத்தியே சொல்கிறேன்.

கீல் கீழே இருப்பது வேறு, கீழே விழுவது வேறு. பழைய கேட்டலினா 22-இன் ஸ்விங் கீல், அதாவது ஒரு முனையில் ஆடி மேலும் கீழும் போகும் கீல், வார்ப்பிரும்பு. எடை சுமார் 250 கிலோ, அதாவது ஐந்து சிமெண்ட் மூட்டை. முன்முனை குறுக்கே போகும் ஒரு உலோகப் பின்னில் (pin) மாட்டியிருக்கிறது, பின்முனை ஒரு மெல்லிய ஸ்டெயின்லெஸ் கேபிளில் தொங்குகிறது. கேபிளைச் சுருட்டும் கைப்பிடி உருளையான வின்ச்சைச் சுற்றி நிதானமாக இறக்கினால் ஒரு தொல்லையும் இல்லை. பிடி விட்டு விழுந்தால் அத்தனை இரும்பும் வேகமெடுத்து வருகிறது. அதை எது நிறுத்தப் போகிறது? ஒன்று கேபிள், இல்லையென்றால் படகின் அடிப்பகுதி. கேபிள் தாங்கினால் அந்த உதறல் கூம்புக்கும் வின்ச் மாட்டியிருக்கும் பலகைக்கும் போகிறது. கேபிள் அறுந்தால் அந்த உலோகப் பின்னும் அதைப் படகோடு பிடித்திருக்கும் ஹேங்கர் போல்ட்டுகளும் அடி வாங்குகின்றன, கீல் போய் ஃபைபர்கிளாஸில் மோதுகிறது. அந்த ஃபைபர்கிளாஸ் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, படகு உடையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் கரைக்கு எப்படி வருவீர்கள்? கீல் ஏறியிருந்தால் இந்தப் படகுக்கு 2 அடித் தண்ணீர் போதும். இறங்கியிருந்தால் 5 அடி வேண்டும். வர்ஜீனியாப் பக்கத்து செசபீக் விரிகுடாவின் சராசரி ஆழமே 21 அடிதான். நாம் படகு விடும் கிளை ஓடைகளிலும் படகை இறக்கும் சரிவான ராம்ப் ஓரத்திலும் 5 அடி கிடைப்பதே அரிது. அந்த ஆழமின்மைக்காகத்தானே ஸ்விங் கீல் படகாகத் தேடி வாங்கினீர்கள்?

எல்லாப் படகும் இப்படி இல்லை. ஓ'டே 25 போன்றவற்றில் எடை நிலையான கீலிலேயே இருக்கிறது. அதற்குள்ளிருந்து இறங்கும் சென்டர்போர்டு என்ற பலகை இலேசானது, கயிறு அறுந்தால் பெரும்பாலும் எரிச்சல் மட்டும்தான். நான் பயப்படுவது, எடை முழுவதும் ஆடும் கீலிலேயே இருக்கும் படகுகளுக்குத்தான்: கேட்டலினா 22, மெக்ரெகரின் பழைய வென்ச்சர் வகைகள். கேட்டலினா 22 மட்டுமே 15,000-க்கு மேல் கட்டப்பட்டது. 1970-களில் கட்டியவை இன்னும் மலிவு விலையில் கை மாறிக்கொண்டிருக்கின்றன. நல்ல படகு, குறை சொல்ல மாட்டேன். ஐம்பது வயதுப் படகைப் புதுப் படகு போல நடத்துவதுதான் தப்பு.

இப்போது போன வாரக் கதை. அவருடைய கேபிள் தானாக அறவில்லை. கீலைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்க ஒரு போல்ட் உண்டு. ட்ரெய்லரில் வரும்போது கீல் ஆடாமலிருக்க அதை முறுக்கியிருக்கிறார். தண்ணீரில் இறங்கியதும் போல்ட்டை மறந்து வின்ச்சைச் சுற்றியிருக்கிறார். கைப்பிடி லகுவாகச் சுற்றியது, கேபிளும் இறங்கியது. கீல் மட்டும் அசையவில்லை. பிறகு போல்ட் ஞாபகம் வந்து தளர்த்தினார். அடுத்த நொடி ஒரே சத்தம்.

போல்ட் இல்லாமலும் இது நடக்கும். கீல் ஏறி உட்காரும் பெட்டிக்குள் சிப்பி ஒட்டியிருக்கலாம், சேறு காய்ந்திருக்கலாம், புது பெயின்ட் தடிப்பாக இருக்கலாம். கீல் சிக்கிக்கொண்டு நிற்கும், நீங்கள் கேபிளை விட்டுக்கொண்டே போவீர்கள், ஒரு அலை தட்டினால் போதும். அதனால் இறக்கும்போது இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை கேபிளைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மறுபடி மேலே சுற்றி விறைப்பாக்குங்கள். அதன் பிறகுதான் எது பிடித்திருக்கிறது என்று தேட வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. ஓடும்போது கேபிள் ரீங்காரமிடுகிறது என்று சிலர் வேண்டுமென்றே அதைத் தளர்த்தி வைக்கிறார்கள். சத்தம் வேண்டாமென்றால் கேபிளை அணைத்துப் பிடிக்கும் ரப்பர் பிடிமானம் விற்கிறது, வாங்கிப் போடுங்கள். கேபிளைத் தளர்த்தாதீர்கள்.

வின்ச்சுக்கு வருவோம். தானாகப் பிடிக்கும் பிரேக் உள்ள வின்ச் என்றால், பல்சக்கரத்துக்கு கிரீஸ் போடலாம், பிரேக் தட்டுகளுக்குப் போடவே கூடாது. "கிறீச்சுனு கத்துது, அதான் எண்ணெய் விட்டேன்" என்று ஒருவர் சொன்னபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. உராய்வில்தான் அந்த பிரேக் வேலை செய்கிறது, அதிலேயே எண்ணெய் விட்டால்? பிரேக் இல்லாத பழைய வின்ச் இருந்தால் மாற்றிவிடுங்கள். அதில் பூட்டு நழுவினால் கைப்பிடி சுழலும் வேகத்துக்கு மணிக்கட்டு தாங்காது. சுழலும் கைப்பிடியைப் பிடித்து நிறுத்த மட்டும் பார்க்காதீர்கள், கையை இழுத்துக்கொள்ளுங்கள். கீல் போனால் போகட்டும்.

கேபிளைப் பார்க்கும்போது எல்லோரும் வின்ச் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அது பளபளவென்றுதான் இருக்கும். பழுதாவது கீழ்முனை, கீலில் மாட்டுமிடத்தில் நசுக்கிப் பொருத்திய உலோகக் குழலுக்குள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பது காற்றும் ஓடும் தண்ணீரும் படும் இடத்துக்குத்தான் சரி. காற்றுப்படாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் அதுவும் அரிக்கும். குழலின் வாயில் பழுப்புக் கறை தெரிந்தாலே அந்தக் கேபிள் முடிந்தது. மற்ற நீளத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுங்கள். இழை அறுந்த இடத்தில் பேப்பர் மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் தடவினால் ஊசி போலக் குத்தும். உப்புநீரில் ஓடும் படகில் மூன்று நான்கு பருவத்துக்கு மேல் நான் ஒரு கேபிளை விட்டுவைப்பதில்லை.

அதே நேரத்தில் கூம்புக்கும் வின்ச் குழாய்க்கும் நடுவிலிருக்கும் ரப்பர் ஹோஸையும் அதன் கிளாம்புகளையும் மாற்றுங்கள். அதற்குள் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. விரலால் வளைத்தால் வெடிப்பு தெரிகிற ஹோஸோடு கடலுக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. நங்கூரமிட்டிருக்கும்போது அடியில் டொக் டொக் என்று கேட்டால் கீலின் உலோகப் பின்னும் அதன் துளையும் தேய்ந்திருக்கின்றன, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாலையில் போகும்போது கீலின் எடை ட்ரெய்லரின் தாங்கியில் உட்கார வேண்டும், கேபிளில் அல்ல. பக்கவாட்டு போல்ட் எடையைத் தாங்குவதற்கானது அல்ல. தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஒருமுறை கேபிளை விறைப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படகு மிதந்ததும் கீல் தொப்பென்று இறங்கும்.

கேபிளில் தொங்கும் கீலுக்கு அடியில் தயவுசெய்து யாரும் நுழையாதீர்கள். பெயின்ட் அடிக்கத்தான், ஒரு நிமிஷம்தான் என்று சொல்லாதீர்கள். முதலில் மரக்கட்டை அடுக்கி, கீல் அதன்மேல் உட்கார்ந்த பிறகு போங்கள். வின்ச் இருப்பது கேபின் படிக்குக் கீழே. பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதும் அதே படியில்தான். கீலை இறக்கும்போதும் ஏற்றும்போதும் அவர்களை முன்பக்கம் அனுப்பிவிடுங்கள்.

படகு வாங்கப் போகிறவர்கள், கேபிள் எப்போது மாற்றியது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு கேபிள், ஹோஸ் இரண்டின் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். கீழ்முனையைப் பார்த்தும் புரியவில்லை என்றால் கிட்டத்தில் ஒரு படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.