சர்க்கரை நோய், தட்டணுக்கள், எலி ஆய்வுகள்

"இந்தப் பொடி ரத்தம் உறைவதைத் தடுக்கிறதாம், எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாப்பிடலாமா டாக்டர்?" சர்க்கரை நோயாளிகள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். எந்த எலி என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளை ஊசியாகப் போட்டால் எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்து, சில நாளில் சர்க்கரை ஏறிவிடும். இது முதல் வகை நோயைப் போன்றது. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பதோ இரண்டாம் வகை. அதற்கு, மரபணுக் கோளாறால் தின்று தின்று பருக்கும் சுண்டெலிகளே கொஞ்சமாவது நெருக்கம்.

ஆனாலும் எலிகள் நமக்கு நிறையச் சொல்லித் தந்திருக்கின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு, ரத்தம் உறைய உதவும் சிறு செல்களான தட்டணுக்களை அடக்கி வைக்கும். சர்க்கரை நோயில் அது குறைந்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் திராம்பாக்ஸேன் என்ற பொருள் கூடுகிறது. எலும்பு மஜ்ஜையும் புதிய தட்டணுக்களை வேகமாக வெளியே தள்ளுகிறது. சுண்டெலிகளில் சர்க்கரையைக் குறைத்ததும் இந்த வேகம் தணிந்தது. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

ஆஸ்பிரின் சிலருக்கு முழுநாளும் வேலை செய்யாததற்கும் இங்கே ஒரு விடை உண்டு. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அதனால் மீண்டும் உருவாக்கிக்கொள்ள முடியாது. ஆனால் புதிய தட்டணுக்கள் மளமளவென்று வந்துகொண்டே இருந்தால், அடுத்த மாத்திரைக்குள் முடக்கப்படாதவை சேர்ந்துவிடும்.

அப்புறம், வேறுபாடுகள். நம் தட்டணு 7 முதல் 10 நாள் வாழும். சுண்டெலியினுடையது 4, 5 நாள்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நமக்கு 1.5 முதல் 4.5 லட்சம், அதற்குச் சுமார் 10 லட்சம். ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற நொதியை நம் தட்டணுக்கள் உணரும் முக்கிய ஏற்பியான (உணர்வான் போன்ற புரதமான) பார்-1, சுண்டெலித் தட்டணுக்களில் இல்லவே இல்லை. அதைக் குறிவைக்கும் மருந்தைச் சாதாரணச் சுண்டெலியில் சோதித்துப் பயனில்லை.

ரத்தம் எடுக்கும் விதமும் முடிவை மாற்றிவிடும். ஊசி ஒரே குத்தில் இறங்காமல் ரத்தக்குழாயைத் துழாவினாலோ, மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சினாலோ, குழாயைக் குலுக்கினாலோ தட்டணுக்கள் அங்கேயே விழித்துக்கொள்ளும். நோயால் வந்த மாற்றமா, ஊசியால் வந்ததா என்று பிறகு பிரிக்க முடியாது.

மனிதர்களிடம் செய்த சோதனை தனிக்கதை. 2018-இல் வெளியான அசெண்ட் ஆய்வில், இதயநோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகள் பங்கேற்றார்கள். தினமும் 100 மி.கி. ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 12 சதவீதம் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவு 29 சதவீதம் கூடியது. அதனால் தயவுசெய்து நீங்களாகத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தோ ஸ்டென்ட் வைத்தோ மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், நீங்களாக நிறுத்தவும் கூடாது. அல்சர் இருந்தாலும், அந்தப் பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.