தான்பியூசயாத்தில் கல் இல்லாதவர்கள்

பர்மாவின் மோல்மேனிலிருந்து தெற்கே போனால் தான்பியூசயாத். சயாம் மரண ரயில்பாதை பர்மாப் பக்கம் தொடங்கிய ஊர். அங்கே போர்க்கைதிகளின் கல்லறைகள் மூவாயிரத்துக்கும் மேல் வரிசை பிசகாமல் இருக்கின்றன. 1942-43இல் ஜப்பானிய ராணுவம் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகள் ஏறத்தாழ 12,500 பேர் செத்தார்கள். மலாயாத் தோட்டத் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர் என ஆசியத் தொழிலாளர் செத்தது சுமார் 90,000. அதுவும் மதிப்பீடுதான், பெயர்ப்பட்டியல் கிடையாது. அவர்களுக்கு அங்கே கல்லும் இல்லை.

ஏழு மடங்கு பேர் எப்படி மறந்துபோனார்கள்? ஏழ்மை, எழுத்தறிவின்மை, நிற வேற்றுமை எல்லாம் காரணம். நினைவு வேலை செய்யும் விதமும் ஒரு காரணம்.

1994இல் உளவியலாளர்கள் ஆண்டர்சனும் பியார்க் தம்பதியரும் ஒரு சோதனை செய்தார்கள். பழங்களின் பட்டியல் ஒன்று, வேறு வகைப் பொருள்களின் பட்டியல் ஒன்று. பழங்களில் பாதியை மட்டும் திரும்பத் திரும்ப நினைவுகூரச் சொன்னார்கள். அந்தப் பாதி நன்றாகப் பதிந்தது. மிச்சப் பழங்களோ, தொடவே தொடாத மற்றப் பட்டியலைவிட மோசமாக மறந்தன. ஒன்றை நினைவுக்கு இழுக்கும்போது, பக்கத்தில் இருப்பதை மூளை அமுக்கிவிடுகிறது. ஒருவர் சொல்லச் சொல்ல, சும்மா கேட்டிருப்பவருக்கும் இது நேர்கிறது என்று 2007இல் உளவியலாளர் ஹெர்ஸ்டின் குழு காட்டியது.

ஆய்வுக்கூடத்தில் கண்டதை ஒரு நாட்டின்மேல் அப்படியே ஏற்ற முடியாது. ஆனாலும் இந்த ரயில்பாதையின் கதை அச்சாக அதைப்போல இருக்கிறது. கைதிகள் ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 1957இல் அந்தப் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி ஆங்கிலப் படம் வந்தது. கைதிகளின் அதிகாரியே ஜப்பானியருக்கு முனைந்து பாலம் கட்டித் தருவதாக அதில் காட்டியதும், ‘எங்கள் அதிகாரி அப்படி நடந்தவரல்ல’ என்று கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் விவாதம் முழுக்க அதிகாரிகளைப் பற்றியே நடந்தது. அதே மூங்கில் காட்டில் காலராவில் செத்த கூலிகள், அதே கதையின் பக்கத்தில் இருந்ததாலேயே இன்னும் மங்கினார்கள்.

விவாதம் எதிர்த்திசையிலும் இழுக்கும். ஜப்பானில் வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோ, தன் பாடநூலில் அரசு கைவைத்ததை எதிர்த்து 1965இல் முதல் வழக்கைத் தொடுத்தார். மொத்தம் மூன்று வழக்குகள், 1997 வரை நடந்தன. சீனாவில் மனிதர்கள்மேல் கிருமி ஆயுதச் சோதனை நடத்திய ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் படைப்பிரிவு பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது தீர்ப்பு அல்ல, அந்த 32 ஆண்டுகள்தான். ஒவ்வொரு விசாரணையும் மறைக்கப் பார்த்ததை மறுபடி பேச வைத்தது.

பர்மாவில் அப்படி நடக்கவில்லை. ஜப்பானியரின் கீழ் பர்மாவை ஆண்ட பா மாவின் அரசே ஆள் சேர்த்து ரயில் வேலைக்கு அனுப்பிய கூலிகளை இங்கே ‘வியர்வைப் படை’ என்பார்கள். ஜப்பானியரை எதிர்த்து எழுந்த 1945 மார்ச் 27 ஆண்டுதோறும் அணிவகுப்போடு வருகிறது. வியர்வைப் படைக்கு அப்படி ஒரு நாள் இல்லை.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். 1942இல் இந்தியாவுக்கு நடந்தே போனவர்களைப் பற்றி அப்பாயி சொல்லாத பொங்கல் கிடையாது. ரயில் வேலைக்குப் போன அவருடைய அண்ணனைப் பற்றி ஒருநாள்தான் கேட்டேன். பேர் வாய்வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.