பனியாற்றுக்குக் கணக்குப் போடும் வேலை

கணிதத்தில் முதுகலை முடித்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பனியாறுகளைக் கணினியில் மாதிரியாக்கும் ஆய்வுப் பணிக்கு ஒரு பல்கலைக்கழகம் ஆள் எடுக்கிறது. விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. பனி எவ்வளவு இருக்கிறது, வெப்பம் எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்தால், எப்போது உருகித் தீரும் என்று வகுத்துப் பார்த்துவிடலாமே. அதற்கு எதற்கு வருடக்கணக்கில் ஆராய்ச்சி?"

உருகுவது மட்டும்தான் நடக்கிறது என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் பனியாறு என்ற பெயரிலேயே ஆறு இருக்கிறது. அது ஓடுகிறது. உயரத்தில் விழும் பனி இறுகிக் கட்டியாகி, கீழே இறங்கி வந்துதான் உருகுகிறது. எந்த வேகத்தில் இறங்குகிறது என்று தெரியாமல் எப்போது தீரும் என்று சொல்ல முடியாது.

இந்தக் கணக்கை மனிதர்கள் கணினிக்கு வெகுகாலம் முன்பே போட ஆரம்பித்துவிட்டார்கள். 1820 ஆகஸ்டில் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் மலையில் ஏறிக்கொண்டிருந்த ஒரு குழுவைப் பனிச்சரிவு அடித்துச் சென்றது. மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் புதைந்துபோனார்கள். பிற்பாடு அதே மலைத்தொகுதியின் பனியாறுகளில் குறிகள் வைத்து வேகத்தை அளந்த ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், அந்த உடல்கள் சுமார் 40 ஆண்டுகளில் பனியாற்றின் கீழ்முனைக்கு வந்து சேரும் என்று கணித்தார். 1861-ல் போசான் பனியாற்றின் அடிவாரத்தில் அவர்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. நான் அறிந்தவரையில் பனியாற்றைப் பற்றிச் சொல்லிப் பலித்த மிகப் பழைய முன்கணிப்பு இதுதான். இன்றைய மாதிரிகளும் அடிப்படையில் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன: இங்கே இருக்கும் பனி எப்போது, எங்கே போய்ச் சேரும்?

மாதிரியின் பொதுவான பகுதிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பனிமொத்தத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பனி வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு உருகியது என்று வரவு செலவு வைக்கிறோம். அப்புறம் விசைகளின் சமநிலை. பனியாறு மிக மெதுவாக நகர்வதால் நியூட்டனின் இரண்டாம் விதியில் முடுக்கத்தைச் சுழி என்று வைத்துவிடலாம். ஆகவே பனியாற்றின் இன்றைய வேகத்துக்கு நேற்றைய வேகம் தேவையில்லை. இந்தக் கணத்தில் அது எந்த வடிவத்தில், எந்த வெப்பநிலையில், எந்தத் தரையின் மேல் இருக்கிறது என்பதே போதும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கல் மாதிரி இறுகிக் கிடக்கும் பனிக்கட்டி எப்படி ஓடுகிறது?

பனிக்கட்டி ஒரு படிகம். அதில் மூலக்கூறுகள் அடுக்கடுக்கான தளங்களாக அமைந்திருக்கின்றன. சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதுபோல, இந்தத் தளங்கள் வழுக்கும். ஆனால் ஒரு தளம் முழுவதும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. அறை முழுக்க விரித்த கனமான கம்பளத்தை ஓர் அங்குலம் நகர்த்தப் பாருங்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அசையாது. ஒரு பக்கம் சிறிய மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பை மறுபக்கம்வரை தள்ளிக்கொண்டே போனால், மடிப்பு எடுத்துக்கொண்ட நீளத்துக்குக் கம்பளம் நகர்ந்திருக்கும். படிகத்திலும் இப்படிப்பட்ட மடிப்புகள் உண்டு. அணு வரிசை தவறி நிற்கும் கோடுகள் அவை. அந்தக் கோடுகள் ஊர்ந்துபோகப் போகத்தான் பனி உருமாறுகிறது.

இப்போது தகைவை, அதாவது ஒரு பரப்பளவின் மேல் விழும் விசையை, இரு மடங்காக்குவோம். ஒவ்வொரு கோடும் இரு மடங்கு வேகத்தில் ஊரும். அதோடு நிற்பதில்லை. கூடுதல் தகைவில் புதிய கோடுகளும் பிறக்கின்றன. அவற்றின் அடர்த்தி தகைவின் இருபடிக்கு ஏற்பக் கூடுகிறது, அதாவது நான்கு மடங்காகிறது. நான்கு மடங்கு கோடுகள், ஒவ்வொன்றும் இரு மடங்கு வேகத்தில். ஆக, பனி எட்டு மடங்கு வேகமாக உருமாறுகிறது. 2 × 2 × 2, அதாவது தகைவின் மும்மடி! 1950-களில் கேம்பிரிட்ஜில் ஜான் கிளென் பனிக்கட்டிகளை அழுத்தி வைத்துப் பொறுமையாக அளந்தபோது கிடைத்த அடுக்கும் (தகைவை எத்தனை முறை தன்னோடு பெருக்குவது என்ற எண்) ஏறக்குறைய 3 தான். கிளென் விதி என்ற பெயரில் இன்றைக்கும் பெரும்பாலான பனியாற்று மாதிரிகளுக்கு இதயமாக இருப்பது அதுவே.

தண்ணீரில் இந்த வித்தை கிடையாது. தண்ணீரை இரு மடங்கு விசையில் தள்ளினால், சீராக ஓடும் வரையில் இரு மடங்குதான் வேகம். பனியில் இந்த மும்மடி செய்யும் வேலையைப் பாருங்கள். அடியிலுள்ள தகைவு பனியின் தடிமனைப் பொறுத்தது. அதன் மும்மடிதான் உருமாறும் வீதம். அந்த வீதத்தை அடியிலிருந்து மேல்வரை கூட்டிக்கொண்டே போனால் மேற்பரப்பின் வேகம் கிடைக்கிறது, எனவே வேகம் தடிமனின் நான்காம் அடுக்கு. ஓடிவரும் பனியின் மொத்த அளவு வேண்டுமென்றால் இன்னொரு முறை தடிமனால் பெருக்க வேண்டும், எனவே ஐந்தாம் அடுக்கு. அதே சரிவில் பனி பத்தில் ஒரு பங்கு தடித்தால் போதும், கீழே போகும் பனி 60 சதவீதம் கூடிவிடும்.

ஆகவே பனியாறு தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. கொஞ்சம் தடித்தாலே வேகமாக ஓடி மெலிந்துவிடும். மெலிந்தால் மெதுவாகி மறுபடி சேரும். உலகின் பெரும்பாலான பனியாறுகளில் அடித்தளத் தகைவு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியே இருப்பதற்குக் காரணம் இதுதான். இதைத் திருப்பிப் போட்டால் ஓர் அற்புதம் கிடைக்கிறது. பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு என்றால், பனி சுமார் 110 மீட்டர் தடிமன். இருபதுக்கு ஒன்று என்றால் 220 மீட்டர். துளை போடவில்லை, ரேடார் கொண்டுபோகவில்லை, மேலே உள்ள சரிவைப் பார்த்தே சொல்லிவிட்டோம். தோராயம்தான், ஆனாலும் முதல் முறை இதைக் கணக்கிட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அப்படியென்றால் வேலை முடிந்துவிட்டதே என்று தோன்றும். முடியவில்லை. பனி உருமாறி ஓடுவது பாதிக் கதை. அடித்தளம் ஈரமாக இருந்தால் அது தரையின் மேல் வழுக்கவும் செய்கிறது. கிரீன்லாந்தின் யாகோப்ஷாவன் பனியாறு 2012 கோடையில் ஒரு நாளைக்கு 46 மீட்டர் ஓடியது என்றால், அதில் பெரும்பங்கு வழுக்கல். அந்த வழுக்கலைத் தடுக்கும் உராய்வோ ஒரு கிலோமீட்டருக்கும் மேலான பனிக்கு அடியில் இருக்கிறது. யாரும் அளக்க முடியாது.

இங்கேதான் மாதிரியாளரின் உண்மையான வேலை. மேற்பரப்பின் வேகத்தைச் செயற்கைக்கோள்கள் அளந்து தருகின்றன. அடியில் உராய்வு இப்படி இருக்கலாம் என்று ஓர் ஊகத்தைக் கணினியில் போட்டு, மேலே என்ன வேகம் வருகிறது என்று பார்க்கிறோம். அளந்த வேகத்தோடு ஒத்துப்போகாத இடங்களில் உராய்வைத் திருத்துகிறோம். மறுபடி ஓட்டுகிறோம். ஒத்துவரும்வரை இதே வேலைதான். ஆற்றின் மேல் நெளியும் சுழிப்பைப் பார்த்து அடியில் பாறை எங்கே என்று படகோட்டி சொல்வதுபோல. அண்டார்க்டிகாவின் அடித்தள உராய்வு வரைபடங்கள் இப்படித்தான் உருவாயின. ஆனால் அந்த வரைபடம் அளந்த நாளுக்கு மட்டுமே சொந்தம். கோடையில் உருகுநீர் அடியில் இறங்கினால் பனி வேகமெடுக்கிறது. அதே நீர் இன்னும் கூடும்போது பனிக்கு அடியில் தனக்கென்று கால்வாய் குடைந்துகொண்டு வடிந்துவிடுகிறது, பனி மறுபடி மெதுவாகிறது.

அந்த ஐந்தாம் அடுக்கு பயமுறுத்தும் இடமும் ஒன்று உண்டு. மேற்கு அண்டார்க்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாறு கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள தரையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தரை உள்நாட்டுப் பக்கம் போகப் போக ஆழமாகிறது. பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் கோடு பின்வாங்கினால், அது இன்னும் தடித்த பனிக்குள் போய் நிற்கும். தடித்த பனி பல மடங்கு அதிகமாகக் கடலுக்குள் போகும், கோடு மேலும் பின்வாங்கும். த்வெய்ட்ஸ் முழுவதும் போனால் உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும். எத்தனை ஆண்டுகளில் என்பதுதான் கேள்வி. வகுத்துப் பார்த்தால் அதற்கு விடை வராது.

கணக்குப் போடாமல் எண் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007 அறிக்கையில் ஒரு வரி வந்துவிட்டது. அதற்குப் பின்னால் எந்த மாதிரியும் இல்லை. 2010-ல் அது தவறு என்று குழுவே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த ஒரு வரியைக் காட்டி, பனி உருகுவதே பொய் என்று பேசியவர்கள் எத்தனை பேர்!

என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் பணி இரண்டு, மூன்று வருட ஒப்பந்தமாகத்தான் கிடைக்கிறது. பனியாறோ ஒரு மாற்றத்துக்கு முழுதாகப் பதில் சொல்லவே பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் அதே பனியாற்றில் அதே கம்புகளை நட்டு அளக்கும் வேலைக்கு, "இதில் புதிதாக என்ன?" என்று கேட்டு நிதியை நிறுத்துவது பெரிய தவறு. 2025 மே மாதம் சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தின் மேல் பிர்ச் பனியாறு இடிந்து விழுந்தது. மலையையும் பனியையும் விடாமல் கண்காணித்துக்கொண்டிருந்ததால்தான் ஊர் மக்கள் சுமார் 300 பேரைச் சில நாட்கள் முன்பே வெளியேற்ற முடிந்தது.

சரி, வாசகிக்கு வருகிறேன். விண்ணப்பியுங்கள். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் தெரிந்தால் பாதித் தயாரிப்பு முடிந்தது. பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். பிஸ்ம், எல்மர் ஐஸ் போன்ற மாதிரிகளின் நிரல் திறந்தே கிடக்கிறது, வீட்டிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். கிளென் விதியின் அந்த 3 கூட இன்னும் தீர்ந்த விஷயம் இல்லை. அண்டார்க்டிகாவின் மிதக்கும் பனித்தட்டுகளைச் செயற்கைக்கோள் மூலம் ஆராய்ந்து 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேகமாக ஓடும் இடங்களில் அடுக்கு 4-ஐ ஒட்டி இருப்பதாகச் சொல்கிறது. 3 இருந்த இடத்தில் 4 போட்டால், அளந்த வேகத்தில் எவ்வளவு உருமாற்றம், எவ்வளவு வழுக்கல் என்ற பங்கு மாறும். அதனால் அடித்தள உராய்வு வரைபடத்தையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும். நேர்காணலில் நீங்கள் கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை: உங்கள் மாதிரியில் அந்த எண்ணை மாற்றி ஓட்டிப் பார்த்தீர்களா, என்ன வந்தது?